ஜோட்டேரோ: தமிழ் நூல்களை வைத்து ஆய்வு செய்கிறவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த யாரைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "துணைநூற்பட்டியலை எதில் வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். பெரும்பாலும் வேர்டு கோப்பில் என்பார்கள். சிலர் எக்செல் என்பார்கள். ஒருவர் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். கையெழுத்து அழகுதான், ஆனால் பல்கலைக்கழகம் கேட்கும் வடிவத்துக்கு அதை மாற்ற இரவு முழுக்க உட்காரப் போவது அவர்தான். இவர்கள் எல்லோருக்கும் ஜோட்டேரோவைச் சொல்வேன். நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்து வைத்து மேற்கோளும் துணைநூற்பட்டியலும் போட்டுத் தரும் இலவச மென்பொருள், விளம்பரத் தொல்லை கிடையாது. கூடவே ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்: ஆங்கிலக் கட்டுரைகளுக்கு இது செய்யும் வேலையில் பாதியைத்தான் தமிழ் நூல்களுக்குச் செய்யும். மீதிப் பாதியை நாம்தான் செய்ய வேண்டும்.

நான் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்கிறேன். தலைப்பு தாமிரபரணிப் பாசனம். ஆதாரங்கள் ஒரே கதம்பம்: 1917-இல் வெளியான திருநெல்வேலி மாவட்டக் கெசட்டியர், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்த்த பொதுப்பணித் துறை ஆணைகள், மறுபதிப்பே காணாத தமிழ் நூல்கள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் இறக்கிய ஆய்வேடுகள், இவற்றுக்கு நடுவே ஆங்கில இதழ்க் கட்டுரைகள். இவற்றை வைத்துத்தான் இந்த மதிப்பீடு. ஒரு வேதியியல் ஆய்வாளர் எழுதினால் நாலு வரியில் "அருமை" என்று முடித்திருப்பார்.

ஜோட்டேரோ 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், வரலாற்றுக்கும் புது ஊடகத்துக்குமான ஒரு மையத்தில் பிறந்தது. வரலாற்றுக்காரர்கள் செய்தது என்பது உள்ளே போனதும் தெரியும். புத்தகம், கட்டுரை மட்டுமல்ல, கையெழுத்துப் பிரதி, கடிதம், நேர்காணல், வரைபடம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வகை உண்டு. கணினியில் மென்பொருளையும் உலாவியில் அதன் இணைப்பையும் நிறுவிவிட்டால் போதும். இதழின் பக்கத்தைத் திறந்து ஒரு சொடுக்கு சொடுக்கினால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும், பிடிஎஃப் திறந்திருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் அடையாள எண்ணான டிஓஐ இருந்தால் மந்திரக்கோல் படத்தை அழுத்தி எண்ணை ஒட்டினாலே போதும். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஒழுங்காக வேலை செய்கிறது.

தமிழ் நூல் என்றதும் கதை மாறுகிறது. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைப் போட்டால் சில நூல்களுக்குத் தகவல் வரும். ஆனால் தலைப்பு ரோமன் எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியுமாக வரும், ஏனென்றால் வெளிநாட்டு நூலகங்களின் பட்டியல் முறை அது. பழைய நூல்களுக்கு அந்த எண்ணே கிடையாது. வருடிய (ஸ்கேன் செய்த) பிடிஎஃப்பை இழுத்துப் போட்டால் தானாக அடையாளம் கண்டுகொள்ளும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். சோத்கங்காவில் ஓர் ஆய்வேடு இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். அவற்றை அப்படியே உள்ளே தள்ளினால் "01_டைட்டில்", "10_சாப்டர் 1" என்ற பெயரோடு குவிந்து கிடக்கும், யாருடைய ஆய்வேடு என்று கோப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் முதலில் "தீசிஸ்" வகையில் ஒரு பதிவைக் கையால் உண்டாக்கி, ஆய்வாளர் பெயர், பல்கலைக்கழகம், ஆண்டு எல்லாம் போட்டு, அதன் அடியில் கோப்புகளை இணைத்துவிடுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் ஒரு ஆய்வேட்டுக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

பெரிய தலைவலி பெயர்கள்தான். ஜோட்டேரோவில் ஆசிரியருக்கு இரண்டு கட்டங்கள்: குடும்பப் பெயர், முதற்பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நீலகண்ட சாஸ்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். தானாக வரும் பதிவில் பல சமயம் கடைசிச் சொல்லான சாஸ்திரி மட்டும் குடும்பப் பெயர் ஆகிவிடும். பட்டியலில் அவர் "சாஸ்திரி, கே. ஏ. நீலகண்ட" என்று தொங்கிக்கொண்டிருப்பார். வையாபுரிப் பிள்ளைக்கும் இதே கதிதான். "பிள்ளை" என்று பார்த்தால் திருநெல்வேலி பற்றி எழுதியவர்களில் பாதிப் பேர் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்.

நான் பின்பற்றும் வழி இதுதான். முழு இயற்பெயரும் முதல் கட்டத்தில், தலைப்பெழுத்துகள் இரண்டாவது கட்டத்தில். "வையாபுரிப் பிள்ளை" ஒன்றில், "எஸ்." மற்றதில். அப்போது பட்டியலில் வகர வரிசையில் சரியாக உட்காருவார். துறைகள், நிறுவனங்கள் என்றால் பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பொதுப்பணித் துறைக்கு "துறை" குடும்பப் பெயர் ஆகிவிடும்! அப்புறம், "வையாபுரிப்பிள்ளை" என்று சேர்த்து ஒரு பதிவும் இடம்விட்டு ஒரு பதிவும் போட்டால் மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு பேர். எப்படி எழுதுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஐந்தாறு பதிவுகள் போட்டதும் உங்கள் பல்கலைக்கழகம் கேட்கும் பாணியில் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தலைப்பெழுத்து எப்படி வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அரசாணைகளுக்கென்று பொருத்தமான வகை எதுவும் இல்லை. "டாகுமெண்ட்" வகையில் போட்டு, ஆவணக் காப்பகத்தின் பெயரை அதற்கான கட்டத்தில் எழுதுகிறேன். ஆனால் எல்லா மேற்கோள் பாணியும் அந்தக் கட்டத்தை அச்சிடாது. அதனால் ஆணை எண், துறை, நாள் மூன்றையும் தலைப்பிலேயே சேர்த்துவிடுகிறேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காதுதான், ஆனால் எதுவும் விடுபடாது.

இனி எனக்குப் பிடித்தது. பதிவுகளுக்கு ஒட்டும் குறிச்சொற்களில் ஒன்பதுக்கு வண்ணம் கொடுக்கலாம், விசைப்பலகையில் 1 முதல் 9 வரை அழுத்தினால் அந்தக் குறி ஒட்டிக்கொள்ளும். தாமிரபரணியில் அணைக்கட்டு எட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எட்டுக்கும் எட்டு வண்ணம். மீதமிருந்த ஒன்பதாவது சிவப்பு, அதன் பெயர் "கைடு கேட்டது". டாக்டோரல் கமிட்டிக்கு முந்தின நாள் அந்தச் சிவப்பை மட்டும் வடிகட்டிப் பார்ப்பேன். இந்த ஒரு வசதிக்காகவே இதை விடமாட்டேன்.

பிடிஎஃப்பை உள்ளேயே திறந்து வாசிக்கும் வசதி 2022-இல் வந்தது. வண்ணமடித்த வரிகளை ஒரே சொடுக்கில் குறிப்பாக மாற்றலாம். ஒவ்வொரு வரியும் மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு வந்து நிற்கும், அதைத் தொட்டால் அதே பக்கத்துக்குப் போகும். யூஜிசியின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல் தொடங்குகிறது. எங்கிருந்து எடுத்தோம் என்பதே மறந்துபோய், நம் சொந்த வாக்கியம் என்று நினைத்து இன்னொருவர் வாக்கியத்தை எழுதிவிடும் ஆபத்து பகுதிநேரக்காரர்களுக்கு அதிகம். வாசித்த மாதம் ஒன்று, எழுதும் மாதம் வேறு. பக்க எண் ஒட்டியிருக்கும் குறிப்பு அதற்கு நல்ல காவல். ஆனால் வருடிய தமிழ் நூலில் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, வேண்டிய பகுதியைக் கட்டம்கட்டிப் படமாகத்தான் எடுக்க வேண்டும். பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சான கோப்பென்றால் நகலெடுத்த வரி கண்டபடி வரும். அது ஜோட்டேரோவின் குற்றமில்லை.

இடம் பற்றிச் சொல்ல வேண்டும். பதிவுகளை இணையத்தில் ஒத்திசைக்க எல்லையே இல்லை, இலவசம். கோப்புகளுக்குத்தான் 300 எம்பி. வருடிய புத்தகங்கள் சில ஏறினாலே தீர்ந்துவிடும். 2 ஜிபிக்கு ஆண்டுக்கு 20 டாலர், 6 ஜிபிக்கு 60, எல்லையில்லாமல் வேண்டுமென்றால் 120. உதவித்தொகை எப்போது வரும் என்று காத்திருப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை. பதிவுகளை மட்டும் ஒத்திசைத்து, கோப்புகளைக் கணினியிலும் ஒரு வெளி வன்தட்டிலும் வைத்திருப்பது என் வழக்கம். ஜோட்டேரோவின் தரவுக் கோப்புறையைத் தூக்கி மேகச் சேமிப்புக் கோப்புறைக்குள் போடுவது மட்டும் கூடாது. தரவுத்தளம் பழுதாகிவிடும் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். நண்பர்களோடு குழு நூலகம் வைத்தால் அதில் ஏறும் கோப்பெல்லாம் குழுவைத் தொடங்கியவர் கணக்கில்தான் கழியும். ஆகவே தாராள மனசுக்காரர் தொடங்கட்டும்.

வேர்டில் மேற்கோள் போடுவது சுகம். ஆசிரியர் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் பதிவு வரும், பக்க எண்ணைச் சேர்த்து என்டரைத் தட்டினால் முடிந்தது. பாணியை மாற்றச் சொன்னால் மொத்த ஆய்வேட்டிலும் ஒரே நொடியில் மாறும். லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் இரண்டிலும் உண்டு. தமிழில் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு இரண்டு இடத்தில் உரசும். மூன்று ஆசிரியர் இருந்தால் "எட் ஆல்" என்று ஆங்கிலத்தில் வந்து நிற்கும். பாணிக் கோப்பைத் திறந்து அந்தச் சொல்லுக்குப் பதில் "மற்றும் பிறர்" என்று போடலாம், கணினி தெரிந்த தம்பி ஒருவரைப் பிடித்தால் அரை மணி நேர வேலை. இரண்டாவது, தமிழ் நூல்கள் தனி, ஆங்கில நூல்கள் தனி என்று பட்டியலைப் பிரிக்க இதில் நேரடி வழி இல்லை. எல்லாம் முடிந்த பிறகு கோப்பை ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் "அன்லிங்க் சைட்டேஷன்ஸ்" கொடுத்து, கையால் வெட்டிப் பிரிக்க வேண்டியதுதான். மூலக் கோப்பில் அதைத் தொடாதீர்கள். இணைப்பு அறுந்தால் திரும்ப வராது.

போட்டிக்கு மெண்ட்லி இருக்கிறது. 2 ஜிபி இலவசமாகத் தருகிறது, எல்செவியர் நிறுவனத்துடையது. எண்ட்நோட் காசு கொடுத்து வாங்குவது, உங்கள் பல்கலைக்கழகம் வாங்கி வைத்திருந்தால் பயன்படுத்திப் பாருங்கள். என்னைப் போலக் காப்பக ஆவணங்களோடு மல்லுக்கட்டுபவருக்கு ஜோட்டேரோதான் வசதி.

முதல் ஆண்டில் இருப்பவர் இன்றைக்கே நிறுவலாம். சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுத்துவிட்டு, கையால் தட்டிய மேற்கோள்களோடு ஆறு இயல்களும் முடித்துவிட்டவர் இதற்காக எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம், இருக்கும் பட்டியலைச் சரிபார்த்துச் சமர்ப்பிப்பதே அவருக்கு நல்லது. பிறகு அந்த ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரை பிரித்து எழுதும்போது, அந்தக் கட்டுரைக்கு வேண்டிய நூல்களை மட்டும் ஏற்றித் தொடங்கிக்கொள்ளலாம்.