கரிசலா, தேரியா? மண்ணுக்குள் தண்ணீரும் உரமும் போகும் வழி

தூத்துக்குடி மாவட்டத்தில் நிலம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு உலகம் கிடைக்கும். வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கன்னங்கரேலென்று கரிசல். தெற்கே சாத்தான்குளம், உடன்குடி பக்கம் செக்கச்செவேலென்று தேரி மணல். இரண்டும் பெரும்பாலும் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையைத்தான். விழுந்த தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

நனைந்த களிமண்ணில் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான் தண்ணீர் இறங்கும். மணலில் அது 30 மி.மீ.யைத் தாண்டும். ஒரு மணி நேரத்தில் 25 மி.மீ. மழை கொட்டினால் தேரி முழுவதையும் குடித்துவிடும். கரிசலில் பெரும்பகுதி தேங்கும், அல்லது ஓடையைப் பார்த்து ஓடும்.

ஆனால் இந்தக் கணக்கு ஊறிய கரிசலுக்கு மட்டும்தான். சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், முழங்கை வரை கையை விடலாம், அப்படி வெடித்துக் கிடக்கும். அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். முதல் மழைத்தண்ணீரில் ஒரு பங்கு மேல்மண்ணைச் சரியாக நனைக்கும் முன்பே வெடிப்பு வழியே அடிமண்ணுக்குப் போய்விடும். பிறகு களி உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். அந்தச் சேற்றில் கால் வைத்தால் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான், டிராக்டரும் இறங்காது. மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடும் வழக்கம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிடித்து வைப்பதில் கரிசல்தான் கெட்டி. ஒரு மீட்டர் ஆழக் களிமண் பயிருக்குக் கிடைக்கும்படி 175 முதல் 250 மி.மீ. தண்ணீரை வைத்திருக்கும், மணல் 25 முதல் 100 மி.மீ. பயிர் நாளுக்கு 5 மி.மீ. குடிக்கிறது என்று வைத்தால், 200 மி.மீ. சேர்த்த கரிசல் 40 நாள் தாங்கும், 50 மி.மீ. சேர்த்த மணல் 10 நாள். இது காகிதக் கணக்கு. பாதி தீர்ந்ததுமே பயிர் திணற ஆரம்பித்துவிடும். ஆனாலும் மழை நின்ற பிறகும் கரிசலில் சோளமும் பருத்தியும் நிற்பதற்கு இந்தச் சேமிப்புதான் முதல். தேரியில் பனையும் முந்திரியும் நிற்கின்றன. அங்கே வேருக்குத் தப்பிய தண்ணீர் வீண் என்று சொல்ல மாட்டேன். நிலத்தடி நீராகச் சேர்ந்து, தாழ்ந்த இடங்களில் சுனையாக எட்டிப் பார்க்கிறது.

சரி, உரம். களித்துகளின் மேல் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. அமோனியம், பொட்டாசியம் போன்ற நேர்மின் சத்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டும் எதிர்மின்தான், அதனால் களியில் ஒட்டாது. தண்ணீர் போகிற திசையில் போகும். யூரியா கரைந்த புதிதில் மின்னேற்றமே இல்லாதது, அதுவும் அப்படியே. தேரியில் ஒரே தவணையில் யூரியாவைக் கொட்டி, மறுநாள் பெருமழை பிடித்தால், காசு கிணற்றுக்குள் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) அங்கே கழுவிப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக, பல தவணையாகக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

கரிசலில் களவு வேறு வழியில் நடக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் யூரியாவை மேலே தூவிவிட்டு மூடாமல் விட்டால் அமோனியாவாகக் காற்றில் பறக்கும். தண்ணீர் தேங்கினால் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிப் போகும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) சுண்ணாம்பு கட்டிப்போடும். துத்தநாகம் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாது. சிவப்பு மண்ணிலும் மணிச்சத்து தப்புவதில்லை. அங்கே இரும்பு பிடித்துக்கொள்கிறது.

சொட்டுநீர் போடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மணலில் ஈரம் கேரட் மாதிரி ஒடுங்கி ஆழமாக இறங்கும், கரிசலில் வெங்காயம் மாதிரி பக்கவாட்டில் பரவும். தேரியில் சொட்டுவான்களை நெருக்கமாக வைத்து, அடிக்கடி, குறைந்த நேரம் விடுவதுதான் சரி.

குளத்துக் கரம்பையை, அதாவது குளத்தடியில் படிந்த களிவண்டலை, செம்மண்ணில் அடிப்பது நம் ஆட்களின் பழைய வைத்தியம். மணலுக்குள் களியைச் சேர்ப்பதால் ஈரமும் உரமும் கொஞ்சம் கூடுதல் நாள் தங்கும். வண்டிவாடகை கட்டுப்படியானால் நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன்.

என்னைக் கேட்டால், கிணறு இல்லாமல் மானாவாரி என்றால் கரிசல். நல்ல தண்ணீரும் சொட்டுநீரும் இருந்து, வாரம்தோறும் தோட்டத்துக்குப் போக முடியும் என்றால் தேரி. கரிசலில் கிணறு இருந்தாலும் சோடியம் மிகுந்த தண்ணீர் என்றால் யோசியுங்கள். களி கலைந்து இருக்கிற கொஞ்சநஞ்ச துளைகளும் அடைபடும். கடலோரத் தேரியில் அளவுக்கு மீறி இறைத்தாலோ உப்புத் தண்ணீர் ஏறும்.

பத்திரம் போடும் முன் மூன்றடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கரிசல் என்றால் மழைக்காலத்தில் ஊற்ற வேண்டும். கோடையில் ஊற்றினால் வெடிப்பெல்லாம் குடித்துவிட்டு, ‘ஆகா, என்ன வடிகால்’ என்று உங்களை நம்பவைத்துவிடும்.