அம்மாவை அனுப்பிவிட்டு வேலையா, வைத்துக்கொண்டே வேலையா?

அம்மாவின் வீட்டைச் சரிசெய்யலாம் என்று நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தபோது டைல்ஸ், பெயிண்ட் எதற்கும் சண்டை வரவில்லை. வந்தது ஒரே கேள்விக்குத்தான். வேலை முடியும்வரை அம்மாவை எங்களில் ஒருவர் வீட்டில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடிப்பதா, அம்மா அங்கேயே இருக்க, அறை அறையாகச் செய்வதா?

நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். முதல் வழியை அக்கா அவள் மாமியார் வீட்டில் பார்த்திருக்கிறாள். அத்தானும் அவர் தம்பிகளும் அப்படித்தான் முடித்தார்கள். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

காலி வீட்டில் வேலை வேகமாக நடக்கும், ஆட்கள் ஒரே தடவை வந்து போவதால் கூலியும் மிச்சம். இதில் வாதமே இல்லை. தூசி விஷயத்திலும் அந்த வழிக்குத்தான் என் ஓட்டு. பழைய சுவரைச் சுரண்டினால் அடியில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம். டைல்ஸ் அறுக்கையில் கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும் என்று நின்றோம். வேலை நடக்கும் அறையின் வாசலைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டினோம். அப்படியும் அம்மாவின் அலமாரிக்குள் மாவு மாதிரி படிந்துவிட்டது. ஒருநாள் மடித்து வைத்த புடவைகளை எல்லாம் வெளியே எடுத்து உதறிக்கொண்டே என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை!

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் ஏன் இந்த வழி என்றால், இருட்டில் அம்மாவின் கை போகும் இடம்தான் காரணம். அக்காவின் மாமியார் புது வீட்டுக்குத் திரும்பி வந்த முதல் வாரம், ராத்திரி எழுந்தவர் சுவிட்சை வழக்கமான இடத்தில் தடவியிருக்கிறார். அங்கே வெறும் சுவர். சுவிட்ச் போர்டைக் கதவுக்கு மறுபக்கம் மாற்றியிருந்தார்கள். பகலில் பார்த்தால் அதுதான் சரியான இடம். நல்லவேளை, விழவில்லை. வயதானவர்களுக்கு விழுவது சின்ன விஷயம் இல்லை. விழுந்து உயிர் போவது உலகம் முழுக்க 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம்தான் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி வைக்கத் தம்பி அளவு எடுத்து வந்திருந்தான். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம், பொதுவான விதி அது. பென்சிலால் கோடும் போட்டுவிட்டான். அம்மாவைக் கூப்பிட்டு உட்கார்ந்து எழச் சொன்னோம். அவள் கை கோட்டின் பக்கமே போகவில்லை. கீழே 30 அங்குலத்தில், அதுவும் நாங்கள் நினைத்த சுவரில் இல்லாமல் வாஷ்பேசின் பக்கச் சுவரில் போய் ஊன்றியது. அந்த இடத்தில் பெயிண்ட் கறுத்து, உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று இருந்தது. அத்தனை வருடம் அங்கேதான் பிடித்திருக்கிறாள், எங்கள் யாருக்கும் தெரியாது. கம்பி அங்கேயே போனது. அம்மா தங்கையின் வீட்டில் இருந்திருந்தால் 34 அங்குலத்தில், தப்பான சுவரில், அழகாக மாட்டியிருப்போம்.

இதே மாதிரி சுவிட்ச், கட்டில் திசை, இரவு விளக்கு என்று தினமும் ஏதாவது ஒன்று திருத்தம் வாங்கியது. மேஸ்திரிக்கு எரிச்சல்தான்.

எங்களுக்குள்ளேயும் இந்த வழி வசதியாகப் போனது. ஒரே மூச்சு வேலையில் பக்கத்தில் இருப்பவர் தலையில் எல்லாம் விழும், மற்றவர்கள் பணம் அனுப்பிவிட்டுக் குறை சொல்வார்கள். அறை அறையாக என்றால் ஆளுக்கு ஓர் அறை. கையில் பணம் தீர்ந்தால் ஒரு மாதம் நிறுத்தலாம்; மொத்த வீட்டையும் கொத்திப் போட்டுவிட்டு அப்படி நிறுத்த முடியாது. கணக்கை மட்டும் ஒரே நோட்டில் எழுதுங்கள், அந்த நோட்டு அம்மாவிடம் இருக்கட்டும்.

ஆனால் ஒன்று, பாத்ரூமில் நாங்களும் தோற்றோம். வீட்டில் இருப்பதே ஒன்று. தளத்தைக் கொத்தி, நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு போட்டு, அது காய்ந்தபின் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்து, அப்புறம்தான் டைல்ஸ். அந்தப் பத்து நாளும் அம்மா தங்கை வீட்டில்தான் இருந்தாள். ஆக, சுத்தமாக ஒரே வழியில் போனோம் என்று சொல்ல முடியாது.

எங்கள் அம்மாவுக்கு மூச்சுத் தொல்லை கிடையாது, ஞாபகமும் தெளிவு. இந்த இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் நானே வேறு மாதிரி யோசித்திருப்பேன். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்ற வேண்டிய வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், முதலில் ஆளை வெளியே அனுப்புங்கள்.

பின்வாசல் நிலைப்படி மட்டும் இன்னும் பாக்கி. தடுக்கும் என்று நாங்கள் எடுக்கச் சொல்கிறோம்; சாயங்காலம் உட்கார அதுதான் இடம் என்கிறாள் அம்மா. தம்பிக்கு லீவு கிடைத்ததும் மறுபடி பேச வேண்டும்.