மின் சைக்கிளுக்கு பிரேக் மாற்றியவர்கள் லிவரின் ஒயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஞாயிறுதோறும் மின் சைக்கிளில் ஏறி இறங்குகிறவன் நான். கடந்த தை மாதக் கடைசியில், நம் பகுதிக் கடை ஒன்றில் 14,500 ரூபாய் கொடுத்து அதன் பிரேக்கை மாற்றினேன். ஐந்தாவது வாரம் அந்த பிரேக்கோடு மலைச்சரிவில் சாய்ந்து விழுந்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் புகார் நிலுவையில் இருக்கிறது. ஆனால் எனக்கு நடந்தது அந்த ஒரு கடையில் மட்டும் நடக்கக்கூடியது அல்ல என்பதால், மின் சைக்கிளில் பிரேக் வேலை செய்தவர்களும் செய்யப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுவது நல்லது.

முதலில் வண்டியைப் பற்றி. பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி, முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க், இரு பக்கமும் கேபிளால் இழுக்கும் 160 மில்லிமீட்டர் டிஸ்க் பிரேக் என்பது இதன் அமைப்பு. வண்டியின் எடை 24 கிலோ, என் எடை 82 கிலோ, தண்ணீரும் பையும் சேர்த்தால் 110 கிலோவைத் தொடும். இந்த எடை 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 320 கிலோஜூல். காற்றும் சாலையும் தின்றது போக மீதியெல்லாம் இரண்டு மெல்லிய தகடுகளில் வெப்பமாக இறங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆற்றல்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான் பிரேக்கை மாற்றியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். தொப்பூர்க் கணவாயில் லாரிகள் படுகிற பாட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு, நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடையில் நான் கேட்டது தெளிவானது. இரு பக்கமும் கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க், இரு பக்கமும் 180 மில்லிமீட்டர் ரோட்டார், அதாவது பிரேக் தகடு, அதற்குரிய அடாப்டர், தகட்டைக் கவ்விப் பிடிக்கும் புதிய பேட், அவ்வளவுதான். 160 இலிருந்து 180 க்குப் போனால் அதே கைப்பிடி அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடிப்பு கிடைக்கும், சூடு பரவுவதற்கும் தகட்டில் கூடுதல் இடம் இருக்கும். ஃபோர்க் எந்த அளவு ரோட்டாரைத் தாங்கும் என்பதை அதைச் செய்த நிறுவனம் வரையறுத்திருக்கும் என்பதால் 203 மில்லிமீட்டருக்கு நான் ஆசைப்படவில்லை. கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். கூடவே, "ஸ்பீடு லிமிட்டையும் எடுத்து விட்டுடலாங்களா சார், 40 போகும்" என்றார். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருப்பதால்தான் இந்த வண்டிக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்று விதி விலக்களிக்கிறது, அதைத் தாண்டினால் விலக்கு போய்விடும் என்று சொல்லி மறுத்தேன். அந்தப் பேச்சு வந்தபோதே நான் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. லிவரை இழுத்தால் வெண்ணெய் போல் இருந்தது. பணத்தைக் கைபேசியில் அனுப்பினேன். கடைக்காரர் கொடுத்த தாளில் மேலே "எஸ்டிமேட்" என்றும், கீழே "பிரேக் ஒர்க் ஃபுல் செட் 14500" என்றும் மட்டும் இருந்தது. பொருளின் பெயர் இல்லை, மாடல் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பிறருடைய பில்களைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிற நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன் என்பதை எழுதும்போது இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பழைய பிரேக்கைக் கேட்டதற்கு, "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு சார்" என்றார்.

முதல் வாரம் குறையொன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் முன் லிவரை விட்ட பிறகு அது தன் இடத்துக்குத் திரும்ப ஒரு கணம் தயங்கியது. மூன்றாவது வாரம், வழக்கமாக மலை ஏறி முடிக்கும்போது 40 சதவீதம் காட்டுகிற பேட்டரி 25 காட்டியது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் முன்சக்கரத்தை பிரேக் விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்ததால், அந்தப் பிடியையும் சேர்த்து மோட்டார் மலைமேல் இழுத்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டிருந்தால் இரண்டே சுற்றில் நின்றிருக்கும். அதைச் செய்து பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வேகத்தை நன்றாகக் குறைத்துத் திரும்பி, நிலைபெறுவதற்காக இரண்டு மிதி மிதித்தேன். எதிரே சரக்கு வேன் ஒன்று என் பக்கமாக ஏறி வந்தது. இரண்டு லிவரையும் இழுத்தேன். முன் லிவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஹேண்டில்பார் வரை போய் ஒட்டிக்கொண்டது. பின் பிரேக் பிடித்தது, ஆனால் அதே சக்கரத்தில் இருக்கிற மோட்டார் அதற்கு எதிராகத் தள்ளிக்கொண்டிருப்பதை உட்காரும் இடத்தில் தெளிவாக உணர்ந்தேன். பிரேக்கும் மோட்டாரும் ஒரே சக்கரத்தில் மல்லுக்கட்டுவது ஒரு விநாடிகூட நீடித்திருக்காது, ஆனால் எதிரில் வேன் நிற்கும்போது அது போதும். மலைப்பக்கம் சாய்த்து விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, கையில் சுளுக்கு, வளைந்த ஹேண்டில் ஆகியவற்றோடு போயிற்று. வேன் ஓட்டுநர் இறங்கி வந்து தூக்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். தவறு அவர் மேலும் இல்லை.

கடைக்குக் கொண்டுபோனபோது, "நீங்க பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே எறங்கியிருப்பீங்க சார், எந்த பிரேக்கா இருந்தாலும் அப்படித்தான்" என்று பதில் வந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால் நானும் நம்பிவிட இருந்தேன். நம்பாமல் போனதற்குக் காரணம், முன் ஃபோர்க்கின் இடக்காலில் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் சுருங்கிப் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. விழுந்தது வலப்பக்கம். இடப்பக்கம் எப்படிப் பெயிண்ட் உரியும் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை.

நண்பர் ஒருவர் சொல்லி, கிருஷ்ணகிரியில் வெகுகாலமாக சைக்கிள் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். அவர் முதலில் அந்தப் பெயிண்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, பேட்களைத் தகட்டில் அழுத்துகிற காலிப்பரின் திருகைத் தளர்த்தி, உள்ளிருந்து நான்கைந்து சொட்டு எண்ணெயை அதில் விட்டார். சொட்டுகள் மிதக்கவில்லை. சர்க்கரைப் பாகு கரைவது போல் நூல் நூலாகக் கீழிறங்கித் தண்ணீரோடு கலந்துவிட்டன. "தம்பி, இது மோட்டார் பைக்குக்கு ஊத்துற ஆயிலுங்க. உங்க பிரேக்குக்கு இது விஷம்" என்றார்.

ஹைட்ராலிக் பிரேக்குகள் எண்ணெயைப் பொறுத்து இரண்டு சாதி. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா போன்ற நிறுவனங்களுடையவை மினரல் ஆயிலில் இயங்குபவை. மோட்டார் சைக்கிள்களுக்கும் வேறு சில சைக்கிள் பிரேக்குகளுக்கும் டாட் 4, டாட் 5.1 என்கிற வகை. டாட் 4 தண்ணீரோடு கலக்கும், காற்றின் ஈரத்தை இழுக்கும், பெயிண்டைத் தின்னும். மினரல் ஆயில் தண்ணீரில் மிதக்கும், பெயிண்டை ஒன்றும் செய்யாது. ஒன்றுக்கென்று செய்த ரப்பர் சீல் மற்றொன்றைத் தாங்காது. மினரல் ஆயில் பிரேக்கில் டாட் 4 ஐ ஊற்றினால் சீல்கள் ஊறி உப்பி, பேட்டைத் தள்ளும் பிஸ்டன்களைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும், பிறகு கசியத் தொடங்கும். லிவர் தயங்கியது, பேட்டரி விரைவில் தீர்ந்தது, ஃபோர்க்கில் பெயிண்ட் உரிந்தது, கடைசியில் லிவர் ஹேண்டிலைத் தொட்டது எல்லாம் ஒரே கதையின் அடுத்தடுத்த பக்கங்கள். இத்தனைக்கும் என் லிவரின் எண்ணெய்த் தொட்டி மூடியிலேயே "மினரல் ஆயில் ஒன்லி" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. எண்ணெய் ஊற்றுகிறவர் அந்த மூடியைக் கழற்றாமல் ஊற்றியிருக்க முடியாது.

பெரியவர் அடுத்து பேட்டைக் கழற்றினார். உலோகத் துகள் கலந்த பேட் அது. ரோட்டாரின் மேலேயே "ரெசின் பேட் ஒன்லி", அதாவது பிசின் கலந்த மென்மையான பேட் மட்டும், என்று எழுதியிருந்தது. மென்மையான தகட்டில் கடினமான பேட் போட்டால் தகடு வேகமாகத் தேயும். பின் ரோட்டாரை ஸ்கேல் வைத்து அளந்தால் பதினாறு சென்டிமீட்டர்தான். இரண்டுக்கும் காசு வாங்கிவிட்டு ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இவை பணமோசடியும் அறியாமையும். இவற்றைக்கூட நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது லிவரின் அடியில் இருந்தது.

மின் சைக்கிளின் பிரேக் லிவரிலிருந்து இரண்டு வழிகள் புறப்படுகின்றன. ஒன்று கேபிளாகவோ எண்ணெய்க் குழாயாகவோ சக்கரத்துக்குப் போகிறது. மற்றொன்று மெல்லிய ஒயராக, மோட்டாரை இயக்கி நிறுத்துகிற கன்ட்ரோலருக்குப் போகிறது. லிவரை லேசாக இழுத்த மாத்திரத்திலேயே, பேட் தகட்டைத் தொடுவதற்கு முன்பே, அந்த ஒயர் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். இதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். மிதியின் சுழற்சியை மட்டும் பார்த்து ஓடுகிற என் வண்டி போன்றவற்றில், மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு கணம் ஓடித்தான் நிற்கும் என்பதால் இந்த ஒயர் இல்லாமல் தீராது. கடையில் எனக்குப் போட்டது சாதாரண சைக்கிளுக்கான ஹைட்ராலிக் லிவர். அதில் ஒயருக்கே இடமில்லை. பழைய லிவர்களின் ஒயரை வெட்டி, வண்டியில் மிஞ்சிய முனைகளைக் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, ஹேண்டிலுக்குக் கீழே கேபிள்களின் கட்டுக்குள் செருகி, மேலே பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். பெரியவர் டேப்பைப் பிரித்தபோது உள்ளே செம்புக் கம்பி நுனி பளபளவென்று இருந்தது.

திரையில் ஏன் பிழை எதுவும் காட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். என் வண்டியில் உள்ள கட்-ஆஃப், லிவரை இழுக்கும்போது மட்டும் இரண்டு ஒயர்களும் இணைகிற வகை. ஒயரை வெட்டிவிட்டால் கன்ட்ரோலரைப் பொறுத்தவரை பிரேக் ஒருபோதும் பிடிக்கப்படவில்லை. அதனால் அது நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். வண்டியைப் பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி, த்ராட்டிலாலோ கையால் மிதியைச் சுற்றியோ மோட்டாரை ஓடவிட்டு, ஒரு லிவரை மட்டும் விரலால் சற்றே இழுங்கள். மோட்டாரின் ஒலி அப்படியே அடங்க வேண்டும். பிறகு மற்ற லிவரையும் தனியாக இழுத்துப் பாருங்கள். சக்கரம் பிரேக்கோடு போராடிக்கொண்டே சுற்றினால் கட்-ஆஃப் இல்லை. ஹைட்ராலிக் லிவர்களிலேயே ஒயரோடு வருகிற மின் சைக்கிள் மாடல்கள் இருக்கின்றன. சாதாரண லிவரோடு காந்தம் ஒட்டி இணைக்கிற சென்சாரும் கிடைக்கிறது. ஆகவே, "ஹைட்ராலிக்ல அந்த ஒயர் வராதுங்க" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

சீல்கள் ஊறிப்போன காலிப்பரையும் லிவரையும் மீட்க முடியாது என்று பெரியவர் சொல்லிவிட்டதால், ஒயருள்ள புதிய செட்டுக்கும் சரியான பின் ரோட்டாருக்கும் கூலிக்குமாக மறுபடி 11,200 ரூபாய் செலவாயிற்று. இந்த முறை ஒவ்வொரு பொருளும் தனித்தனி வரியாக எழுதிய பில் வாங்கினேன். அவர் வண்டியை ஒப்படைத்தபோது, சமதரையில் இருபது முறை வேகமெடுத்து பிரேக்கை அழுத்திப் பேட் படிந்த பிறகுதான் மலைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். முதல் கடையில் இந்த வார்த்தையையும் யாரும் சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பித் தர முதல் கடைக்காரர் மறுத்ததால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். பில் தராமலிருப்பதையே 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வகைப்படுத்துகிறது. தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தால் போதும். கைபேசியில் பணம் அனுப்பிய பதிவும், கடைக்காரரோடு பேசிய குறுஞ்செய்திகளும், டேப் பிரிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் இருப்பதால்தான் இந்தத் துணிச்சல்.

புகார் போன நான்காம் நாள் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பழைய பிரேக் எடைக்குப் போகவில்லையாம், கடையிலேயே இருக்கிறதாம், வந்து எடுத்துக்கொண்டு சமாதானமாகப் போய்விடலாமாம். போனேன். வேலை பார்க்கிற பையன் மேசைக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து, "இதுல உங்களுது எதுன்னு பாருங்கண்ணா" என்றான். உள்ளே பதினொரு லிவர்கள் கிடந்தன. என்னுடையவை இரண்டு. மற்ற ஒன்பதிலும் ஒயர்கள் அதே போல, இரண்டு அங்குலம் விட்டு, ஒரே மாதிரி வெட்டப்பட்டிருந்தன.