ரேக் மாற்றியதாக பில், மாற்றியதோ பெயிண்ட் மட்டும்: பழைய சிட்டி கோல்ஃப் வைத்திருப்போர் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் காரின் தயாரிப்பு 2009-இல் நின்றுவிட்டாலும் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கம் இன்னும் தெருவுக்குத் தெரு ஓடுகிறது. ஆயில், பிளக், பிரேக் பேட் எல்லாம் வீட்டு வாசலிலேயே மாற்றுகிறவர்கள்கூட ஸ்டியரிங் என்றால் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாற்றுக்கு இடம் கிடைக்கிறது.

டர்பனில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் 1998 மாடலுக்கு நடந்தது இது. ஸ்டியரிங்கில் ஆட்டம், பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே மேலே ஏறி நின்றன. "அங்கிள், ரேக் போயிருச்சு, மீட்டர் போர்டும் போயிருச்சு" என்றார்கள் மெக்கானிக்குகள். ரேக் என்பது ஸ்டியரிங் திருப்பத்தை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் கம்பி. ரீகண்டிஷன் (பழையதைப் புதுப்பித்த) ரேக், மீட்டர் போர்டு, டெம்பரேச்சர் சென்சார் என்று மூன்றுக்கும் பில். பழைய பாகங்களைக் கேட்டதற்கு "குப்பையில போட்டாச்சு" என்று பதில்.

காரை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தால் ரேக் பழையதேதான். எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே கறுப்பு ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினாலே உரிந்தது. ரப்பர் பூட்டிலும் கிளிப்பிலும்கூடப் பெயிண்ட். கழற்றி மாட்டிய ரேக்கில் இப்படி இருக்கவே இருக்காது.

ரேக்கில் செய்த ஒரே வேலை, அதன் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவை இறுக்கியது. இது ஆபத்தான தந்திரம். நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால் ரேக்கின் பல் நடுவில்தான் தேயும், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால் முழுத் திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்து கையை விட்டால் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. இப்படி இருந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

உண்மையில் ஆட்டம் வந்தது பெடல் அருகே ஸ்டியரிங் தண்டு (காலம்) முடியும் இடத்தில் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட் என்ற வளையும் இணைப்பில். ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாக இடம் வலம் ஆட்ட, இன்னொருவர் அந்த ஜாயின்ட்டில் விரலை வைத்தால் தெரிந்துவிடும்: மேல் பாதி அசைந்து கீழ்ப் பாதி அசையாவிட்டால் குற்றம் அதில்தான், அல்லது அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட் தளர்ந்திருக்கும். அது சரியாக இருந்தால் முன் சக்கரத்தைத் தூக்கி இரு பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள், டை ராட் எண்ட் (ரேக்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் கம்பியின் முனை) தேய்ந்திருந்தால் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ. ரேக்கின் மவுண்டிங் ரப்பரையும் பார்த்தபிறகுதான் ரேக்கையே சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு தில்லுமுல்லு: வீல் அலைன்மென்ட் செய்யாமல், கோணலாக நின்ற ஸ்டியரிங் வீலைக் கழற்றி, தண்டின் பற்களில் (ஸ்ப்லைன்) நகர்த்தி நேராக்கியிருந்தார்கள். திருப்பம் முடிந்ததும் இண்டிகேட்டர் ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் அணைந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஸ்டியரிங் வீலின் நட்டை 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். இங்கே கையாலேயே சுழன்றது.

டேஷ்போர்டு விஷயம் இன்னும் எளிது. இரண்டு முள்ளும் ஒன்றாகத் தப்புக் காட்டினால் சென்சாரைத் தொடவே வேண்டாம். மீட்டர் போர்டின் பின்னால் ஒரே ஸ்க்ரூவில் நிற்கும் மூன்று கால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான் இரண்டுக்கும் 10 வோல்ட் கொடுக்கிறது. அது கெட்டாலோ அதன் எர்த் விட்டாலோ 12 வோல்ட் நேரே போய் இரண்டும் ஏறும். உள்ளே அறுந்தால் இரண்டும் விழும். ஒரு முள் மட்டும் தவறினால்தான் சென்சார், வயர். மல்டிமீட்டரில் வெளிவரும் காலில் 10 இல்லாமல் 12-க்கு மேல் காட்டினால், முதலில் எர்த்தைத் துடைத்துப் பாருங்கள், பிறகு அந்தச் சின்னப் பாகத்தை மாற்றுங்கள். கழற்றும்போது பேட்டரி எர்த்தை எடுத்துவிட்டு, ஸ்பீடோ கேபிளையும் பிளக்கையும் விடுவித்தபின்தான் போர்டை இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பின்னால் உள்ள பிலிம் சர்க்யூட் (மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஓடும் மின்தடங்கள்) கிழியும். நிறையப் பேர் போர்டையே வாங்க நேர்வது இதனால்தான்.

தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (எண் 68) உங்கள் பக்கம் இருக்கிறது. பிரிவு 67-இன்படி, வேண்டாம் என்று நீங்கள் சொல்லாதவரை, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும். பிரிவு 57-இன்படி புதிய அல்லது ரீகண்டிஷன் பாகத்துக்கும் மாட்டிய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம். பிரிவு 15-இன்படி, கொடுத்த மதிப்பீட்டுக்கு மேல் வாங்க உங்கள் ஒப்புதல் தேவை. மறுத்தால் முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் புகார். பலிக்காவிட்டால் மோட்டார் தொழில் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். பில், மதிப்பீடு, ஸ்ப்ரே அடித்த ரேக்கின் போட்டோ மூன்றும் கையில் இருக்கட்டும். வண்டியை விடும் முன்பே ரேக்கின் மீது ஒரு மூலையில் கீறி வைத்து, அதையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.