சர்வதேச உறவுகள் எம்.ஏ.: டெல்லியா, லண்டனா, வாஷிங்டனா? ஒரு கடன் கணக்கு

சர்வதேச உறவுகள் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு லண்டனிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, வங்கி எவ்வளவு கடன் கொடுக்கும் என்பது. நான் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்பேன்: இந்தக் கடனை எந்த நாட்டுச் சம்பளத்தில் அடைக்கப் போகிறீர்கள்? கணினி படிப்பவருக்கு அமெரிக்கச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்க ஓரளவாவது காரணம் உண்டு. இந்தப் படிப்பில் அந்த நம்பிக்கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் குடியுரிமை. இந்தப் பட்டதாரிகளை எடுக்கும் பெரிய முதலாளி அரசாங்கம்தான். அமெரிக்க வெளியுறவுப் பணிக்கு அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைக்கு பிரிட்டிஷ் குடிமகனாக இருக்க வேண்டும். வாஷிங்டனைச் சுற்றியுள்ள பாதுகாப்பு ஆலோசனை நிறுவனங்கள் பலவற்றில், ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் பாதுகாப்பு அனுமதி கேட்பார்கள். வெளிநாட்டு மாணவருக்கு அது கிடைக்காது. அப்புறம் ஐ.நா. இருக்கிறதே என்பார்கள். ஐ.நா. தலைமையகத்தில் பயிற்சி மாணவருக்குச் சம்பளமே கிடையாது. நியூயார்க் வாடகையைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

அமெரிக்கக் கல்வித் துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் பட்டதாரிகளின் வருமானமும் கடனும் அருகருகே இருக்கும். பெற்றோர் பலர் அதைப் பார்த்துத்தான் தைரியம் கொள்கிறார்கள். ஆனால் அந்த எண்கள் அமெரிக்க அரசின் கல்வி உதவி பெற்றவர்களை மட்டும் வைத்து எடுக்கப்பட்டவை. மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அமெரிக்காவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கொலம்பியா, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஜார்ஜ்டவுன் போன்ற இடங்களில் ஆண்டுக் கட்டணமே 60,000 டாலரைத் தாண்டுகிறது. இரண்டு ஆண்டு, சாப்பாடு, வாடகை எல்லாம் சேர்த்தால் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் குறையாது. சர்வதேச உறவுகள் பொதுவாக ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வராததால், படிப்புக்குப் பின் வேலை பார்க்கக் கிடைப்பது 12 மாதம்தான். பொறியியல் மாணவருக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இல்லை. பெரிய உதவித்தொகை இல்லாமல் இந்த வழியில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

லண்டன்தான் மனதை அலைக்கழிக்கும். ஒரே ஆண்டுப் படிப்பு, எல்.எஸ்.இ. (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) என்ற பெயர், செலவும் அமெரிக்காவைவிடக் குறைவு. கட்டணம் 30,000 பவுண்டை ஒட்டி வரும். வாழ்க்கைச் செலவு மாதம் 1,500 பவுண்டு. ஆக 48,000. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் 55 லட்சம். வீட்டிலிருந்து 15 லட்சம் போட்டு 40 லட்சம் கடன் வாங்கினால், 10.5 சதவீத வட்டியில் படிக்கும் ஓர் ஆண்டும் அதன்பின் தவணை தொடங்காத ஓர் ஆண்டும் சேர்ந்து 8 லட்சத்துக்கு மேல் வட்டி ஏறியிருக்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 65,000 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினாலும் 53,000க்குக் குறையாது.

இந்த 65,000ஐ இந்தியச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. உதவிப் பேராசிரியருக்கு 57,700. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000. படிகளைச் சேர்த்தால் முதல் இரண்டும் கூடும்தான். ஆனாலும் இந்தத் துறையில் கிடைக்கக்கூடிய நல்ல வேலையின் அடிப்படைச் சம்பளத்தைவிடத் தவணை பெரிதாக இருக்கிறது. லண்டனிலேயே தங்கிவிடலாம் என்றால், இப்போது 2 ஆண்டாக உள்ள பட்டதாரி விசா 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகிறது. அதற்குள் விசா ஆதரவு தரும் முதலாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று: பொதுத்துறை வங்கிகள் 7.5 லட்சத்துக்கு மேல் வழக்கமாக அடமானம் கேட்கும். பெயர்பெற்ற சில பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஜெர்மனி நடுவில் நிற்கிறது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை; பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் அரையாண்டுக்கு 1,500 யூரோ. விசாவுக்காக முடக்குக் கணக்கில் (மாதம் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும், ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். அது மாதாமாதம் உங்கள் செலவுக்கே திரும்பி வரும் பணம். படித்தபின் வேலை தேட 18 மாதம் கிடைக்கும். இங்கே தடை மொழி. பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்தத் துறையில் வேலை பெரும்பாலும் ஜெர்மனில்தான். அதனால் பி.ஏ. முதலாண்டிலேயே ஜெர்மன் படிக்கத் தொடங்கியவருக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

இனி உள்ளூர். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யூ.) சர்வதேச ஆய்வுப் பள்ளி 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆண்டுக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய். விடுதி கிடைத்துவிட்டால் இரண்டாண்டுச் செலவு முழுவதும் 2, 3 லட்சத்தில் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் முனைவர் பட்டம் வாங்கியது ஜே.என்.யூ.வில்தான். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அரசியல், சர்வதேச உறவுகள் எம்.ஏ. இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பக்கம், கட்டணமும் ஆயிரங்களில்தான். இரண்டுக்கும் க்யூட் என்ற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

இதில் குறை இல்லையா? இருக்கிறது. முடித்தவுடன் வேலைக்கு எடுக்க நிறுவனங்கள் வளாகத்துக்கு வரிசையாக வருவதில்லை. ஆய்வு மையங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு. ஐ.எஃப்.எஸ்.ஸுக்கோ எந்தப் பட்டம் இருந்தாலும் போதும், இந்த எம்.ஏ. தனிச் சலுகை தராது. ஆனால் கடன் இல்லாதவர் அந்தக் குறைந்த சம்பளத்திலும் இரண்டு ஆண்டு தாக்குப்பிடிப்பார், யூ.பி.எஸ்.சி.யை மறுபடி எழுதுவார், சீனமோ அரபியோ படிப்பார். தவணை ஓடிக்கொண்டிருப்பவர் கிடைத்த வேலையில் உட்கார்ந்துவிடுவார், அது பெரும்பாலும் இந்தத் துறையாகவே இருக்காது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

வெளிநாட்டில் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் வரும். இளங்கலை கடைசி ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் முடிந்துவிடும், நம் கல்லூரிகளில் அரையாண்டுத் தேர்வு நடக்கும் நேரம் என்பதால் பலர் கோட்டைவிடுகிறார்கள். அது கிடைக்காவிட்டால் புதுச்சேரியிலோ டெல்லியிலோ எம்.ஏ. முடித்து இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அவர்கள் கேட்பது 2,800 மணி நேர வேலை அனுபவம். கிடைத்தால் லண்டன் கட்டணம், தங்கும் செலவு, விமானச் சீட்டு எல்லாம் அவர்களுடையது. படிப்பு முடிந்ததும் திரும்பி வந்து இரண்டு ஆண்டு இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.