சிம்முக்குள் சில வருடங்கள்: ஒரு ஏ320 விமானியின் அனுபவம்

ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் தேர்வு உண்டு. தரையிலிருந்தே பறப்பதைப் போலக் காட்டும் பயிற்சிப் பெட்டி அது, சுருக்கமாக ‘சிம்’. ஆறு கால்கள் மேல் நின்று அசையும் ‘லெவல் டி’ என்ற உச்ச ரகம். ராப்பகலாக ஓடுகிற இயந்திரம் என்பதால், விடியற்காலை இரண்டு மணிக்குக்கூட நம் முறை வரும்.

முதலில் அதன் சாமர்த்தியம். டேக்-ஆஃபில் முதுகு இருக்கையோடு அழுந்தும். உண்மையில் பெட்டி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மெல்லப் பின்னால் சாய்கிறது, அவ்வளவுதான். கண்முன் ஓடுபாதை விரைவதால் மூளை அதை வேகம் என்று நம்பிவிடும். டாக்ஸி செய்து, அதாவது தரையில் உருண்டு போய், திரும்பும்போதுதான் இந்த வித்தை பலிக்காது, வயிற்றைப் புரட்டும்.

சிம்மின் உண்மையான பயன் தெரிவது ‘வி1 கட்’ பயிற்சியில். வி1 என்பது, அதைத் தாண்டினால் டேக்-ஆஃபைக் கைவிட முடியாத வேகம். அதைத் தாண்டியதும் ஒரு என்ஜின் செயலிழக்கும். மூக்கு அந்தப் பக்கம் இழுக்கும். மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையான ரடரை மறுபக்கம் மிதித்து நேராக்கி, மேலே தூக்கி, சக்கரத்தை மடக்கி, 400 அடிவரை சுவிட்சுகள் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் ஓட்டுவதை மட்டும் பார்க்க வேண்டும். நிஜ விமானத்தில் இதைப் பழகப்போய் உயிர்விட்டவர்கள் உண்டு. இங்கே சொதப்பினால் பயிற்றுநர் பின்னாலிருந்து திரையைத் தட்டுவார், மறுபடி ஓடுபாதையின் தொடக்கத்தில் நிற்போம்.

குறை என்னவென்றால், உள்ளே போகிற எல்லோருக்கும் என்ஜின் போகப்போவது தெரியும். 2009 ஜனவரியில் பறவைகள் மோதி என்ஜின்கள் செயலிழந்து நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தை விசாரணையின்போது சிம்மில் ஓட்டிப் பார்த்தார்கள். பறவை மோதிய நொடியே திரும்பியவர்களில் பலர், அது புறப்பட்ட லகார்டியா விமான நிலையத்திலேயே இறங்கிவிட்டார்கள். என்ன நடந்தது என்று புரிய 35 விநாடி ஒதுக்கியதும் முடியவில்லை. அந்த 35 விநாடியை எந்தத் தேர்விலும் நான் அனுபவித்ததில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம், கேபின் குழு, தரைப் பணியாளர் எல்லாம் ஒரே பயிற்றுநரின் குரல் என்கிறபோது, திகைப்பு எங்கிருந்து வரும்?

அதைவிடக் கவலையானது, சிம் தப்பாகவும் கற்றுக்கொடுக்கும். 2001 நவம்பர் 12, நியூயார்க், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம். முன்னே போன விமானத்தின் சுழல்காற்றில் சிக்கியதும் துணை விமானி ரடரை இடமும் வலமும் ஓங்கி மிதித்தார். வால் துடுப்பு முறிந்தது. தரையிலிருந்தவர்களோடு 265 பேர் இறந்தார்கள். அந்த நிறுவனத்தின் சிம் பயிற்சியும் ஒரு காரணம் என்றது விசாரணை. விமானம் கவிழட்டும் என்று அந்தப் பயிற்சியில் கண்ட்ரோல்களின் பலனைத் தொடக்கத்தில் மென்பொருளே மட்டுப்படுத்தியிருந்தது. மிதித்தும் கேட்கவில்லை என்றால் கால் இன்னும் ஓங்கித்தானே மிதிக்கும்?

என் யோசனை: தேர்வு அட்டவணையில் ஒரு மணி நேரத்தையாவது மதிப்பெண் இல்லாமல், என்ன வரும் என்று சொல்லாமல் விடலாம். கவிழ்ந்து மீள்வதைப் பழக, சாகசம் செய்யத் தகுந்த சின்ன விமானத்தில் சில மணி நேரம் கட்டாயமாக்கலாம். செலவு பிடிக்கும், சரி. ஆனால் சட்டென்று மேலெழும்போதும் திரும்பும்போதும் உடம்பை அழுத்தும் ஜி விசையை ஆறு கால் பெட்டி காட்டாது.