18,600 ரூபாய் கட்டியும் மைலேஜ் ஏறவில்லை. கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் நானும் மற்றவர்களைப் போல "போகட்டும்" என்று விட்டுவிடுவேன்.

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர ஐம்பது கிலோமீட்டர், முக்கால்வாசி நான்குவழிச் சாலை. பெட்ரோல் ஹேட்ச்பேக், பத்து வருடத்துக்கு மேல் ஆன வண்டி. லிட்டருக்கு 16.5 தவறாமல் கொடுக்கும். சும்மா சொல்லவில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே பங்க்கில் ஆட்டோ கட் ஆகும் வரை ஃபுல் டேங்க் அடித்து, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்து டைரியில் எழுதி வைப்பேன். என் அப்பா பழக்கிய பழக்கம்.

மார்ச்சில் ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகியது. பைபாஸில் இருக்கும் ஒரு மல்டி பிராண்ட் சர்வீஸ் சென்டரில் மாற்றினேன். பெயர் போடவில்லை, கண்ணாடிக் கதவு, ஏசி வெயிட்டிங் ரூம், வாசலில் பெரிய போர்டு என்று பார்ப்பதற்கு கம்பெனி ஷோரூம் போலவே இருக்கும். அதற்குப் பிறகு மைலேஜ் இறங்க ஆரம்பித்தது. ஏப்ரல் கடைசியில் 351 கிலோமீட்டருக்கு 29 லிட்டர். அதாவது 12.1. பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது மாதம் 2,600 ரூபாய் சும்மா எரிந்து போகிறது. செக் இன்ஜின் விளக்கும் வந்துவிட்டது. தெரிந்த இடம் என்று அங்கேயே கொண்டுபோனேன். அதுதான் நான் செய்த தப்பு.

அந்த அரை மணி நேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஓனரே வந்தார். ஸ்கேனரை மாட்டி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு எரர் கோடு இருந்தது. தம்பிக்கு அனுப்பலாம் என்று போட்டோ எடுத்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வந்து, முனையை விரலால் தேய்த்து, விரலை என்னிடம் நீட்டினார். மை போலக் கரி. "பாருங்க மேடம், பெட்ரோல் எரியாம கரியாப் போகுது. ஆக்சிஜன் சென்சார் செத்துப்போச்சு. எங்க அக்கா வண்டின்னா என்ன செய்வேனோ அதைத்தான் உங்களுக்கும் சொல்றேன்." கடைப் பையன் டீ கொண்டுவந்து வைத்தான். கண்ணால் கரியைப் பார்த்த பிறகு சந்தேகம் எப்படி வரும்? சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆக்சிஜன் சென்சார் (புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளந்து, பெட்ரோலைச் சரியான அளவில் விட உதவும் பாகம்) 6,800. இன்ஜெக்டர் கிளீனிங் 2,400. த்ராட்டில் பாடி கிளீனிங் 1,200. நான்கு ஸ்பார்க் பிளக் 1,600. ஏர் ஃபில்டர் 450. ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ட்யூனிங் என்று 3,500. லேபர் 2,650. மொத்தம் 18,600 ரூபாய். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு "போட்டா இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் கூட வரும் மேடம், எதுக்கு வீணா?" என்றார். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அவர் சொன்ன நம்பருக்கு ஜிபே பண்ணிவிட்டு வந்தேன். நம்பர் கடை பெயரில் இல்லை, ஒரு தனிப்பட்ட பெயரில் இருந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

நான்காவது நாள் விளக்கு மறுபடி எரிந்தது. அடுத்த டேங்க் 12.3.

போன் பண்ணினேன். "புது சென்சார் மேடம், ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும், ஈசியூ கத்துக்கணும்." ஓட்டினேன். மறுபடி போன். "லேடீஸ் பொதுவா கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுவீங்க மேடம்." பதினான்கு வருடமாக ஓட்டுகிறேன், இதே காரில் 16.5 எடுத்தவள் நான். மூன்றாவது முறை, "இப்ப எல்லா பங்க்லயும் ஈ20 பெட்ரோல்தான், அப்படித்தான் குறையும், ஒண்ணும் செய்ய முடியாது."

இந்த ஈ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பதிலை இப்போது எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் சொல்கிறார்கள் போல, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இருபது சதவீதம் கலந்தால் நஷ்டம் ஆறு ஏழு சதவீதம்தான். மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் பழைய கார்களுக்கு 3 முதல் 6 சதவீதம் என்றுதான் சொன்னது. எனக்குக் குறைந்தது 27 சதவீதம். மீதி இருபது எங்கே போனது? இதைக் கேட்டதும் "ஓனர் சென்னை போயிருக்கார்" என்று போனை வைத்தார்கள். அதன்பின் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேரில் போனேன். அன்று டீ கொண்டுவந்த பையன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

கூட வேலை பார்ப்பவர் சொல்லி நேற்று ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். தகரக் கொட்டகை, போர்டு கூட கிடையாது. அவர் எதையும் கழற்றவில்லை. "ஹோஸ் மாத்தினதுக்கு அப்புறம்தான் குறைஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். என் போனில் இருந்த பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் கோடு பி 0128. "இது கூலன்ட், அதாவது இன்ஜினைச் சுத்தி ஓடுற தண்ணி, சூடாகலைங்கிற கோடும்மா. இதை அவங்க பார்க்காம இருந்திருக்க முடியாது." தன் சின்ன ஸ்கேனரை மாட்டி மேலூர் ரோட்டில் இருபது நிமிடம் ஓட்டச் சொன்னார். எண்பதில் போயும் இன்ஜின் சூடு 60 டிகிரியைத் தாண்டவில்லை. 90 பக்கம் நிற்க வேண்டுமாம்.

எனக்கும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடப்பது தெரியும். இன்ஜின் கூலாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி ஆறியதும் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) இருக்கும் ஹவுசிங்கைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விரலை உள்ளே விட்டுச் சுற்றினார். "ஒண்ணுமே இல்லம்மா." ரப்பர் வளையம் மட்டும் இருந்தது, வால்வே இல்லை. ஹோஸ் மாற்றும்போது எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று சில பேர் இன்னும் கழற்றிவிடுகிறார்களாம். அது இல்லாவிட்டால் ஓடும்போதெல்லாம் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். இன்ஜின் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது என்று ஈசியூ நினைத்து, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஊற்றுவதுபோல் நாள் முழுக்கக் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றும். பிளக்கில் இருந்த கரி உண்மைதான். அந்தக் கரியை உண்டாக்கியவர்களே அதை எடுத்து என்னிடம் காட்டியிருக்கிறார்கள்!

பிறகு வண்டியைத் தூக்கினார். ஆக்சிஜன் சென்சார் பழசு. மரையில் துரு, சுற்றிலும் பத்து வருடத்துப் புழுதி, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. 6,800 ரூபாய் வாங்கிய பொருளை மாட்டவே இல்லை. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

தெர்மோஸ்டாட் 850, கூலன்ட் 600, கூலி 500. மொத்தம் 1,950. இன்று காலை வாடிப்பட்டியைத் தாண்டுவதற்குள் முள் நடுவுக்கு வந்து நின்றது. அங்கே கொடுத்தது 18,600. ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவுதான்: எரர் கோடை போட்டோ எடுத்து, என்ன அர்த்தம் என்று நீங்களே தேடிப் பாருங்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் கூட ஆனாலும் வாங்குங்கள், நான் இன்று அது இல்லாமல்தான் அல்லாடுகிறேன். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், ஃபேன் பக்கம் கை போகாமல். முதல் சில நிமிடம் குளிர்ந்திருந்து பிறகு சட்டென்று சுட வேண்டும், ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் பண்ணிப் புகார் பதிந்துவிட்டேன். கடைக்காரர்கள் வழிக்கு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஜிபே ஸ்கிரீன்ஷாட், வெள்ளைத்தாள், துருப்பிடித்த சென்சார் போட்டோ எல்லாம் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன். அதே கடையில் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே போவோம்.